ப்ளீச்சிங் டாக்டரும் சிரமத்திற்கு வருந்தும் ரயில் நிலையமும்

ரயில் நிலையத்துக்கு எதிர்த் தெருவில், தையல்கடை மாடியில், ஒரு பல் மருத்துவமனை இருக்கிறது. பலகையைப் படித்து அதைக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. மூக்கு இருந்தால் போதும். மாடிப்படி திரும்பும் இடத்திலேயே, பல்வலிக்கு வந்தோமா நீச்சல்குளத்துக்கு வந்தோமா என்ற சந்தேகம் வந்துவிடும். அந்த நெடியின் உரிமையாளரைத்தான் ஊர் ‘ப்ளீச்சிங் டாக்டர்’ என்கிறது. நேரில் யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. நேரில் அவர் கையில் துளைபோடும் கருவி இருக்கும்.

அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுத இதுவரை யாரும் முன்வரவில்லை. காரணம் எளிது. அவர் வாழ்க்கையில் அழுக்கே கிடையாது. அழுக்கில்லாத இடத்தில் வரலாறு எங்கே முளைக்கும்? கை கழுவும்முன் குழாயைக் கழுவுவார். கழுவிய கையால் குழாயை மூடினால் கை கெட்டுவிடும் என்று முழங்கையால் மூடுவார். பிறகு முழங்கையைக் கழுவக் குழாயைத் திறப்பார். இந்தச் சுழலிலிருந்து அவரை மீட்டு நாற்காலியருகே கொண்டுவந்து சேர்ப்பது, மருத்துவமனையில் உதவிக்கு இருக்கும் அம்மாவின் தலையாய பொறுப்பு.

“சார், வாயத் தெறந்தவரு தெறந்தபடியே தூங்கிட்டாரு. வர்றீங்களா, இல்ல போர்வை போத்தட்டுமா?”

வேலையில் குறை சொல்ல முடியாது. ரூட் கெனாலில் அவர் கை தேர்ந்த கை. பல்லுக்குள் செத்துப்போன நரம்பைச் சுரண்டியெடுத்து, அந்த மயிரிழைக் குழாயைப் ப்ளீச்சால் கழுவி, அடைத்து, மேலே பல் நிறத்தில் ஒரு பசைக் கலவையை வைத்து நீல விளக்கைக் காட்டி இறுகவைக்க வேண்டும். எல்லாப் பல் மருத்துவர்களும் செய்வதுதான். மற்றவர்கள் குழாய் சுத்தமானதும் நிறுத்திவிடுவார்கள். இவர் தன் மனசு சுத்தமாகும்வரை கழுவுவார். குழாயை அடைத்த பிறகும், பசை வைப்பதற்கு முன், போகிற போக்கில் இன்னொரு தடவை ப்ளீச்சை ஊற்றிப் பளிச்சென்று ஒரு கழுவு. ‘சுத்தமான இடத்தில்தான் பசை ஒட்டும்’ என்பது அவர் சித்தாந்தம். பின்னால் இருக்கும் கடைவாய்ப் பற்களுக்கெல்லாம் கடைசியில் மேலே ஒரு உலோகத் தொப்பியை மாட்டிவிடுவார். தொப்பிக்குள்ளே பசை ஒட்டிக்கொண்டிருக்கிறதா, சும்மா உட்கார்ந்திருக்கிறதா என்று எட்டிப்பார்க்க ஆளில்லை. ஆகவே அந்தச் சித்தாந்தம் பல வருடமாகத் தோல்வியே காணாமல் இருந்தது.

வீட்டிலும் அதே முறைதான். சண்டை வந்தால் கறை காய்வதற்குள் கழுவிவிட வேண்டும் அவருக்கு. உடனே மன்னிப்புக் கேட்டுவிடுவார். கேட்ட வாயோடு, ஏன் அப்படி நடந்தது, அதற்குப் பின்னணி என்ன, அதில் எதிர்த்தரப்பின் பங்கு எவ்வளவு என்று ஊற்றி ஊற்றிக் கழுவுவார். கழுவி முடிக்கும்போது மன்னிப்பும் தண்ணீரோடு போயிருக்கும்.

“மன்னிப்புக் கேட்டீங்க, சரி. அதோட நிறுத்தினா என்னங்க? எனக்குக் கோவமே இப்பதான் வருது” என்பார் மனைவி.

இந்த அம்மணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊரில் யாருக்கும் அவர் முகம் தெரியாது. குரல் தெரியாதவர் கிடையாது. ரயில் நிலையத்தின் அறிவிப்பாளர் அவர். மேல்மாடியில் ஒரு சிறு அறை, ஒரு மைக், தண்டவாளத்தைப் பார்த்த ஒரு ஜன்னல். ரயில் வரவில்லை என்ற செய்தியை, வந்திருந்தால்கூட இவ்வளவு சந்தோஷம் கிடைத்திருக்காதே என்று நினைக்கும்படி சொல்லக்கூடியவர். அவர் ‘தாமதமாக வரும்’ என்று சொன்னால், திட்ட வாயெடுத்த பயணி வாயை மூடிக்கொண்டு பெட்டிமேல் உட்கார்ந்துவிடுவார். ஒலிபெருக்கியின் சத்தம் எதிர்த் தெருவுக்கும் கேட்கும். டாக்டர் பல் பிடுங்கும்போது மனைவியின் குரல் பின்னணியில் போய்க்கொண்டிருக்கும். “ஊசி பாதி, அம்மா குரல் பாதி, அதனாலதான் வலிக்கறதில்ல” என்பார் உதவிக்கார அம்மா.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது நிர்வாகம் ஒரு இயந்திரம் வாங்கியது. இனி யாரும் மைக்கில் பேச வேண்டாம். ஊர்ப் பெயர்கள், எண்கள், வாக்கியங்கள் எல்லாவற்றையும் ஒரே நாளில் பதிவு செய்துகொண்டால், கணினி தானே கோர்த்துப் பேசிவிடும். மற்ற நிலையங்களில் எங்கோ இருக்கும் யாரோ ஒருத்தியின் குரலைப் போட்டுவிட்டார்கள். அம்மணி மேலதிகாரியின் அறைக்குப் போய் நின்றார்.

“சார், வேலைய மாத்துங்க, பரவால்ல. விசாரணை ஜன்னல்ல உக்காருன்னா உக்கார்றேன். ஆனா என் பிளாட்பாரத்துல வேற எவளோ பேசறதக் கேட்டுக்கிட்டு என்னால உக்கார முடியாது.”

மேலதிகாரிக்கும் பெண்டாட்டி இருந்தாள். எவளோ என்ற சொல்லின் கனம் அவருக்குத் தெரியும்.

“சரிம்மா. உங்க குரலே இருக்கட்டும். நீங்க ரிட்டயர் ஆகிப் போனாலும் அது இங்க பேசிட்டே இருக்கும், போதுமா?”

போதும் என்றார் அம்மணி. அன்று வீட்டுக்கு வந்து, வழக்கமில்லாத வழக்கமாக, பாட்டு முணுமுணுத்துக்கொண்டே துணி மடித்தார். பதிவுக்கு நாள் குறித்தார்கள். அதன் பிறகுதான் ஒரு பல்லின் ஈறு வீங்கியது.

மேல் வரிசையில் நடுப்பல். மகள் தவழ்ந்த காலத்தில் தலையால் முட்டி அதன் மூலையை உடைத்திருந்தாள். மகள் இப்போது வேறு ஊரில் பெரிய வேலையில் இருக்கிறாள். உடைந்த பல் மட்டும் இங்கேயே, மேலே ஒரு ஒட்டோடு, யாருக்கும் தொந்தரவு தராமல் காலம் தள்ளிக்கொண்டிருந்தது. உள்ளே நரம்பு எப்போதோ செத்திருக்கிறது, இப்போதுதான் சொல்லியனுப்பியது.

அம்மணிக்கு வேறு டாக்டரிடம் போகலாம் என்று ஒரு எண்ணம். வாயைத் திறந்து சொல்லவும் செய்தார். ப்ளீச்சிங் டாக்டர் காயப்பட்டுப்போனார்.

“வீட்டுக்குள்ளயே கிணறு இருக்கும்போது பக்கத்து வீட்டுக்குக் குடம் தூக்கிட்டுப் போவியா?”

“கிணத்துத் தண்ணில ப்ளீச் நெடி அடிக்குதுங்க.”

“அதுக்குப் பேருதான் சுத்தம்.”

வேரைச் சுத்தம் செய்தார். பிரமாதமாகச் செய்தார், அதை யாரும் மறுக்க முடியாது. முன்பல்லுக்குத் தொப்பி போட்டால் நாக்கு அதற்குப் பழக நாளாகும், பேச்சு மாறிவிடும் என்பதால் பசைக் கலவையாலேயே மூலையைக் கட்டி எழுப்பினார். நிறம் பொருந்தியது, வடிவம் பொருந்தியது. கண்ணாடியில் பார்த்த அம்மணி, கல்யாணமான புதிதில் இருந்த தன் சிரிப்பைக் கொஞ்சநேரம் அதே இடத்தில் வைத்துப் பார்த்தார்.

மறுநாள் காலை, கூட்டம் நெரியும் நேரத்தில், அது விழுந்தது. ‘சற்று நேரத்தில் புறப்படும்’ என்ற வாக்கியத்தின் முதல் எழுத்திலேயே விழுந்தது. பல்லுப் போனால் சொல்லுப் போச்சு என்று பெரியவர்கள் சொன்னது பொய். சொல் போகவில்லை, கூடவே ஒரு சீழ்க்கையும் சேர்ந்து வந்தது. நடைமேடையில் நின்ற கார்டு, நாம் ஊதவில்லையே என்று தன் விசிலைத் தடவிப் பார்த்துக்கொண்டார். ஓடிவந்து ஏறிய இரண்டு பேர் தவறான ரயிலில் ஏறிப் போனார்கள். எதிர்த் தெருவில், ஒருவர் வாய்க்குள் கையை விட்டுக்கொண்டிருந்த டாக்டர், அந்தச் சீழ்க்கையைக் கேட்டு அப்படியே நின்றார். வாய்க்குச் சொந்தக்காரர் பல்லில்லாத ஈறைக் காட்டிச் சிரித்தார்.

ஏன் விழுந்தது? டாக்டர் யோசித்தார். அவர் மூளை யோசிக்கக்கூடிய ஒரே திசையில் யோசித்தார். அழுக்கு இருந்திருக்கிறது; கழுவியது போதவில்லை.

ஆகவே இந்தத் தடவை இன்னும் நன்றாகக் கழுவினார். ஊற்றி, ஊறவைத்து, உறிஞ்சி, மறுபடி ஊற்றினார். வாயைச் சுற்றிக் கட்டியிருந்த ரப்பர் திரையைத் தாண்டி அம்மணியின் கண்ணில் நீர் வந்தது. “நெடி ஏறுதா?” என்று பாசமாக விசாரித்தார். வாய் திறந்திருக்கும் மனைவியிடம் கேள்வி கேட்பதில் உள்ள நிம்மதியைப் பல் மருத்துவர்கள் மட்டுமே அறிவார்கள்.

இரண்டாவது ஒட்டு, வீட்டில், தேநீருக்குள் விழுந்தது. அடியில் சர்க்கரை கரையாமல் கிடக்கிறது என்று நினைத்து அம்மணி அதைக் கடித்தும் பார்த்துவிட்டார். பிறகு உள்ளங்கையில் துப்பி, கணவர் முன் நீட்டினார்.

“உங்க பொருள் உங்ககிட்டயே வந்திருக்கு. எண்ணிப் பாத்து வாங்கிக்குங்க.”

டாக்டர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விழுந்த பக்கம் வழவழவென்று இருந்தது. பல்லோடு ஒட்டியிருந்த தடயமே இல்லை. பல்லைப் பார்த்தார், அதுவும் பளிங்குபோல் இருந்தது. வாடகைக்கு இருந்தவர் சுவரில் ஆணிகூட அடிக்காமல் காலிசெய்து போனமாதிரி. மனதில் ஏதோ நெருடியது. அந்த நெருடலையும் அழுக்கு என்றே எடுத்துக்கொண்டார்.

பதிவு நாள் வந்துவிட்டது. அன்று காலையிலேயே மருத்துவமனையைத் திறந்து மூன்றாவது ஒட்டைப் போட்டார். கழுவிய கழுவலில் உதவிக்கார அம்மா பொறுக்க மாட்டாமல், “சார், அது பல்லு, பாத்திரமில்ல” என்றார். மினுக்கி முடிக்கும் நேரத்தில், பசையின் ஓரம் ஒரு மயிரளவு தூக்கிக்கொண்டதுபோல் டாக்டருக்குத் தோன்றியது. தோன்றியதை மினுக்கித் தேய்த்தார். ஓரம் படிந்தது. மனசு படியவில்லை.

அம்மணி நிலையத்துக்குப் போனார். டாக்டர் வந்திருந்த நோயாளிகளை நாளைக்கு வரச்சொல்லிவிட்டு, பல் மருத்துவக் கல்லூரிக்கு வண்டி ஏறினார். அங்கே அவருடைய பழைய வகுப்புத் தோழர் ஒருவர் ஆராய்ச்சி செய்துகொண்டிருக்கிறார். பிடுங்கிய பற்களில் விதவிதமான பசைகளை ஒட்டி, அவற்றை இயந்திரத்தில் மாட்டி, எவ்வளவு விசையில் பிய்ந்து வருகிறது என்று அளப்பதே அவர் தொழில். ஊர் உலகமெல்லாம் ஒட்டவைத்துச் சம்பாதிக்க, இவர் பிய்த்துச் சம்பாதிக்கிறார். நண்பர்கள் வட்டத்தில் அவருக்குப் பெயர் ‘உடைப்பு’. படிக்கிற காலத்தில் உடைப்பு பரீட்சையில் இவரைப் பார்த்து எழுதியவர். அதனாலேயே அவரிடம் சந்தேகம் கேட்க டாக்டருக்கு இத்தனை வருடம் கௌரவம் இடம் கொடுக்கவில்லை.

ஆய்வுக்கூடத்தில், பிளாஸ்டர் கட்டிகளுக்குள் கழுத்துவரை புதைந்த பற்கள், கூட்டத்துக்கு வந்து தலைவருக்காகக் காத்திருப்பதுபோல வரிசையாக நின்றன. உடைப்பு ஒன்றை எடுத்து இயந்திரத்தில் மாட்டினார். முள் ஏறியது. ‘டக்.’

“பாத்தியா! எப்படிப் பிடிச்சுது! நம்ம பிரின்சிபால் நாற்காலியப் பிடிச்ச மாதிரி பிடிச்சுது. சொல்லுடா, என்ன இந்தப் பக்கம்?”

“ஒண்ணுமில்ல, சும்மாதான். ஒரு பேஷண்டு. ரூட் கெனால் பண்ணின முன்பல்லு. ஃபில்லிங் நிக்க மாட்டேங்குது.”

“கடைசியா எதுல கழுவினாங்க?”

“ப்ளீச்.”

“கழுவிட்டு?”

“உடனே ஒட்டிட்டாங்க.”

உடைப்பு கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சிரிப்பை மறைக்கத்தான்.

“எந்த முட்டாப்பயடா அது?”

“நம்ம க்ளினிக்ல... ஒரு ஜூனியர்.”

“அவன் காதப் பிடிச்சுத் திருகு. ப்ளீச் கிருமியக் கொன்னுட்டுச் சும்மா போகாதுடா. பல்லுக்குள்ள இருக்கிற பொடிப் பொடித் துளையில ஆக்சிஜன விட்டுட்டுப் போகும். ஆக்சிஜன் இருக்கிற எடத்துல நம்ம பசை இறுகாது. மேல கல்லு மாதிரி இருக்கும், பல்லத் தொடுற எடத்துல கொழகொழன்னு இருக்கும். எவ்வளவுக்கு எவ்வளவு கழுவறானோ அவ்வளவுக்கு அவ்வளவு ஒட்டாது.” இன்னொரு கட்டியை எடுத்து மாட்டினார். “இது ப்ளீச்ல கழுவி அப்பவே ஒட்டினது. பாரு.”

முள் எழுந்திருக்கவே இல்லை. பசை தானாக வந்து கையில் விழுந்தது. சத்தம்கூட வரவில்லை.

டாக்டர் அந்தத் துண்டைப் பார்த்தார். விழுந்த பக்கம் வழவழவென்று இருந்தது.

“இப்ப என்ன பண்றது?”

“ஒரு வாரம் சும்மா விடச்சொல்லு. தற்காலிகமா எதையாவது அடைச்சுட்டு விட்டுட்டா, ஆக்சிஜன் தானே போயிடும். அவசரம்னா விட்டமின் சி கரைசல்ல கொஞ்சநேரம் ஊறவெச்சு, தண்ணில கழுவிட்டு ஒட்டலாம். ஆனா நான் ஒரு வாரம்தான் சொல்லுவேன். அந்த ஜூனியர் யாருடா, நம்ம கல்லூரிப் பையனா?”

டாக்டர் வராந்தாவுக்கு வந்து மனைவிக்குப் போன் செய்தார். மூன்றாவது ஒட்டு விழப்போகிறது. எப்போது என்பதுதான் தெரியாது. சொல்லிவிட வேண்டும் என்றுதான் எண்ணை அழுத்தினார்.

“என்னங்க, உள்ள கூப்பிடறாங்க.”

“ஒண்ணுமில்ல, சும்மாதான். சாப்பிட்டியா?”

“சாப்பிட்டியான்னு கேக்கற நேரமா இது? பல்லப் பத்திக் கேக்கத்தான கூப்பிட்டீங்க? நானே கூப்பிடணும்னு இருந்தேன். ரெக்கார்டிங் பண்ண வந்த தம்பி, வேணும்னா அடுத்த வாரம் வெச்சுக்கலாம்க்கா, பக்கத்து ஸ்டேஷன்ல மெஷின மாட்டிட்டு இந்த வழியாத்தான் திரும்புறோம்கறாரு. நீங்க சொல்லுங்க. பல்லு தாங்குமா, இல்ல அடுத்த வாரம்னு சொல்லிடவா?”

ஒரு வாரம். எது தேவை என்று உள்ளே உடைப்பு சொன்னாரோ, அதையே வெளியே ஒருவர் இலவசமாக நீட்டிக்கொண்டிருக்கிறார். ‘அடுத்த வாரம்’ என்று இரண்டு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் அந்த இரண்டு வார்த்தைக்குப் பின்னால் ‘ஏன்?’ என்று ஒரு வார்த்தை வரும். ஏன் என்றால் ப்ளீச். ப்ளீச் என்றால், மூன்று தடவை கழுவியதே காரணம். அதை உங்களுக்கு யார் சொன்னது என்றால், உடைப்பு. தன்னைப் பார்த்து எழுதியவன். இத்தனை கறையும் ஒரே போனில் வந்து சேர்வதை டாக்டர் ஒரு கணத்தில் பார்த்துவிட்டார். எல்லாவற்றையும் கழுவப் பழகிய மனிதர், கழுவ வேண்டியிராத ஒரே வழியைத் தேர்ந்தெடுத்தார்.

“எதுக்கு அடுத்த வாரம்? கல்லு மாதிரி நிக்கும். தைரியமாப் போய்ப் பேசு.”

“நிஜமாவா?”

“நான் சொல்றேன்ல.”

அம்மணி உள்ளே போனார். கதவின்மேல் சிவப்பு விளக்கு எரிந்தது.

முதலில் எண்கள். பிறகு ஊர்ப் பெயர்கள். பிறகு ‘வந்துகொண்டிருக்கிறது’, ‘தாமதமாக வரும்’. எல்லாம் கண்ணாடி மாதிரி வந்தன. பதிவுக்காரத் தம்பி காதில் மாட்டியிருந்ததைத் தூக்கிவிட்டு, “ஒரு தடவகூட ரெண்டாவது டேக் கேக்கலக்கா நானு” என்றார். கடைசிப் பக்கம்தான் மிச்சம். ரத்து அறிவிப்புகள். ‘ரத்து செய்யப்படுகிறது’ என்று தொடங்கும்போது, மூலை, சத்தமில்லாமல், நாக்கின்மேல் வந்து உட்கார்ந்தது.

அம்மணி அதை விழுங்கவில்லை, துப்பவும் இல்லை. தொழில்காரர். கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு வாக்கியத்தை முடித்தார். சீழ்க்கையோடு முடித்தார். மறுபடி சொன்னார். மறுபடியும் சீழ்க்கை. உதட்டை இறக்கிச் சொன்னார், நாக்கை இழுத்துச் சொன்னார். பதிவுக்காரர் முதலில் சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை. கருவிகளைப் பிரித்து வண்டியில் ஏற்றும் நேரம் தாண்டிக்கொண்டிருந்தது.

“அக்கா, ஒண்ணும் பெரிசாத் தெரியாதுக்கா. ரயில் ரத்தானாத்தான இது வரும்? தினமுமா ரத்தாகப்போவுது?”

“அடுத்த வாரம் வர்றேன்னீங்களே...”

“ஆரம்பிக்கறதுக்கு முன்ன கேட்டப்பவே சொல்லியிருந்தா வந்திருப்பேன்க்கா. நீங்க இன்னிக்கே முடிச்சுடலாம்னீங்க. அதச் சொன்னதும் ஆபீஸ்ல அடுத்த வாரத்த வேற ஊருக்குக் குடுத்துட்டாங்க.”

வீட்டுக்கு வந்த அம்மணி கன்னத்திலிருந்த துண்டை மேசைமேல், உப்பு டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தார். டாக்டர் நெடுநேரம் விளக்கினார். முன்பல்லின் அமைப்பு, கடிக்கும் கோணம், மைக்கின் அதிர்வு, வானிலையின் ஈரம். எல்லாவற்றையும் சொன்னார், ப்ளீச்சைத் தவிர. அம்மணி தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். நம்பினார் என்பதுதான் கொடுமை. திட்டியிருந்தால் டாக்டர் அன்று தூங்கியிருப்பார்.

குட்டு வெளிப்பட்டது உடைப்பினால். அந்த வார ஞாயிற்றுக்கிழமை மாலை, வழியில் வந்தவர் படியேறிவிட்டார். “வாங்க வாங்க, உக்காருங்க, சாப்பிட்டுட்டுதான் போகணும்” என்றார் அம்மணி. ‘சாப்பிட்டு’ சீழ்க்கையடித்தது. பல்லைப் பார்த்தால் கை சும்மா இருக்காத ஆசாமி உடைப்பு.

“கொஞ்சம் வெளிச்சத்துக்கு வாங்க தங்கச்சி. ஆ காட்டுங்க... டேய்! இதுவும் அதே கேசுடா! உங்க ஜூனியர் வேலைதானா இதுவும்? ப்ளீச்ல கழுவிட்டு உடனே ஒட்டினானே, அந்த...”

உடைப்பு அங்கே நிறுத்தினார். நண்பரின் முகத்தைப் பார்த்ததால் நிறுத்தினார். ஆனால் ஓடிவிட்ட ரயிலுக்குச் சிவப்புக் கொடி காட்டி என்ன பயன்?

“ஜூனியரா?” என்றார் அம்மணி. “இவங்க க்ளினிக்ல ஜூனியரே கிடையாதேண்ணா. எப்ப வந்து கேட்டாங்க உங்ககிட்ட?”

“அது... வந்து... ஒரு மத்தியானம் தங்கச்சி.”

“அவசரமா ஒரு போன் பண்ணணும்னு வெளிய போனாங்களா?”

உடைப்பு கைக்குட்டையைத் தேடினார். பற்களோடு பழகிய மனிதர். மனிதர்களிடம் பொய் சொல்லிப் பழக்கமில்லை.

“அடுத்த வாரம்னு சொல்லவான்னு நான் கேட்டேன்” என்றார் அம்மணி. யாரிடம் சொன்னார் என்று இரண்டு ஆண்களுக்கும் புரியவில்லை. உள்ளே போய்க் குழாயைத் திறந்து, ஏற்கெனவே கழுவியிருந்த டம்ளர்களை மறுபடி கழுவினார்.

அந்தப் பல்லைக் கல்லூரியில் உடைப்புதான் ஒட்டினார். தற்காலிகமாக அடைத்து, காத்திருக்கச் சொல்லி, பிறகு வரச்சொல்லி, நிதானமாகச் செய்தார். டாக்டர் வெளியே நோயாளிகளின் உறவினர்களுக்கான பெஞ்சில், மனைவியின் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்திலிருந்தவர், “உள்ள யாரு, வீட்டுக்காரம்மாவா? பயப்படாதீங்க, டாக்டர் கெட்டிக்காரரு” என்று தேற்றினார். ஒட்டு உடும்பாகப் பிடித்துக்கொண்டது. அம்மணி இப்போது விசாரணை ஜன்னலில், கண்ணாடிக்குப் பின்னால், யாருக்கும் சரியாகக் கேட்காத இடத்தில் உட்கார்ந்து, பிசிறில்லாமல் பேசுகிறார். மேலே ஒலிபெருக்கியில் இயந்திரம் பேசுகிறது. ரயில் வந்தால் கண்ணாடிக் குரல். ரத்தானால் சீழ்க்கை.

பதிவுக்காரர் சொன்னது ஒருவகையில் சரி, தினமும் ரத்தாகவில்லை. மழைக்காலம் வரும்வரை ஆகவில்லை. பாலத்துக்குக் கீழே மண் சரிந்ததும், நாளெல்லாம் ரத்துதான். எதிர்த் தெருவில் டாக்டரின் நாற்காலியில் வாயைத் திறந்து கிடப்பவர்கள் ஒவ்வொரு சீழ்க்கைக்கும் வயிறு குலுங்கச் சிரிக்கிறார்கள். அவர் கருவியைத் தூக்கிக்கொண்டு, அறிவிப்பு முடியும்வரை நிற்கிறார். உதவிக்கார அம்மா ஜன்னலைச் சாத்திப் பார்த்தார். சாத்தினால் ப்ளீச் நெடி தாங்கவில்லை என்று டாக்டரே திறந்துவிட்டார். அந்தச் சொல் அவர் வாயிலிருந்து வந்ததைக் கேட்டு அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டார்.

ஒரு சாயங்காலம் மழை வலுத்தது. குடை கொண்டுபோகாத மனைவியை அழைத்துவர டாக்டர் நிலையத்துக்குப் போனார். போன பிறகுதான் தானும் குடையை மறந்தது தெரிந்தது. அம்மணி ஜன்னலை மூடிவிட்டு, அலுவலகக் குடை ஒன்றோடு வெளியே வந்தார். நடைமேடை முழுக்க ஜனம், பெட்டி, ஈரம். அந்த வீட்டில் வாரக்கணக்காகச் சண்டை இல்லை. ‘உப்பு வேணுமா’, ‘கதவச் சாத்துங்க’ என்ற அளவில் மரியாதையாகப் போய்க்கொண்டிருந்தது.

“நான் அன்னைக்கு...” என்று தொடங்கினார் டாக்டர்.

ஒலிபெருக்கி கரகரத்தது. அம்மணி ஒரு விரலை உயர்த்தினார். பழைய பழக்கம், அறிவிப்பு போகும்போது யாரும் பேசக் கூடாது. ‘...ரத்து செய்யப்படுகிறது. பயணிகளுக்கு ஏற்பட்ட சிரமத்திற்கு வருந்துகிறோம்’ என்றது அவருடைய குரல். ‘சிரமத்தில்’ ஒரு நீளச் சீழ்க்கை கூரையில் மோதித் திரும்பியது. பெட்டிமேல் உட்கார்ந்திருந்த ஒருவர், “மன்னிப்பு கேக்கும்போது மட்டும் மெஷினுக்குப் பல்லு போயிடுதுப்பா” என்றார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அம்மணி பேசியவரைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், பிறகு விரலை இறக்கினார்.

“சொல்லுங்க.”

“தெரிஞ்சேதான் சொன்னேன். விழும்னு தெரியும்.”

அம்மணி காத்திருந்தார். இனி பின்னணி வரும், கடிக்கும் கோணம் வரும், எதிர்த்தரப்பின் பங்கு வரும். டாக்டருக்கு நாக்கு நுனியில் எல்லாம் வந்து நின்றன. வாயை மூடிக்கொண்டார். அவர் வாழ்க்கையில் ஒன்றைக் கழுவாமல் விட்டது அதுவே முதல் தடவை.

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

அம்மணி குடையை விரித்தார். பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தார். டாக்டர் கைப்பையை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினார். பை வரவில்லை. ஆனால் வாசலைத் தாண்டி மழைக்குள் இறங்கும்போது, குடை டாக்டர் பக்கம் கொஞ்சம் சாய்ந்தது. ஒரு தோள் நனையாமல் இருந்தது. மற்றது நன்றாக நனைந்தது.